கை நனைக்காத மனிதர்

காலைக் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த சற்று நேரத்தில், தினமும் பிரமநாயகத்தின் நெஞ்சு மலையேறத் தொடங்கும். அவர் ஏறுவதில்லை. முதுகு சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருப்பார். நெஞ்சு மட்டும் மெல்ல வேகமெடுக்கும். நடுவில் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கும். மறுபடியும் ஏறும். உச்சிக்குப் போனதும் கொஞ்சநேரம் திம் திம் என்று அடித்துவிட்டு, நல்ல காற்று வாங்கியதுபோல் அடங்கும்.

"ஏறியாச்சு," என்பார் மனைவியிடம்.

"ஏறட்டும். நீங்க இட்லிய முடிங்க," என்பாள் உலகம்மாள்.

அந்த நெஞ்சுக்குள் இருந்த இதயம் அவருடையதுதான். அது அடித்த அடி அவருடையதல்ல.

மூன்று வருஷத்துக்கு முன்பு, தென்காசிக் கடைவீதியில் நின்ற நிலையிலேயே சாய்ந்தார் பிரமநாயகம். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் நவாஸ் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

"ஐயா, உங்க இதயத்துல அடைப்பு கிடைப்பு ஒண்ணும் இல்ல. அடிக்கதுக்கு உத்தரவு குடுக்கிற நரம்பு பட்டுப்போச்சு. முன்னாலல்லாம் இதுக்கு பேஸ்மேக்கர் வைப்போம். அது கடிகாரம் மாதிரி. உங்களுக்கு வந்திருக்கிற நோயில கடிகாரத்த வச்சா, இதயம் கொஞ்ச நாள் கேக்கும். பொறவு சலிச்சுப் போயி கேக்காது. உயிருள்ள இதயம் ஒரு அடி மாதிரி மறு அடி அடிக்கது இல்ல. மூச்சு இழுத்தா ஒரு மாதிரி, விட்டா ஒரு மாதிரி. பயந்தா, சிரிச்சா வேற மாதிரி. அந்த ஏத்த இறக்கம் வேணும். மெஷினால அத போலியாச் செஞ்சு பாத்தாச்சு. இதயம் ஏமாற மாட்டேங்கு."

"அதுக்கு?"

"அதனால இன்னொரு ஆள்கிட்ட இருந்து எடுத்து உங்களுக்குக் குடுக்கோம். அவங்க தோளுக்குக் கீழ பட்டாணி அளவுல ஒரு சில்லு இருக்கும். அவங்க இதயம் அடிக்கது டவர் வழியா உங்க நெஞ்சுல வச்சிருக்கிற பெட்டிக்கு வரும். அதக் கேட்டு உங்க இதயம் அடிக்கும். அவங்க மலை ஏறினா உங்களுக்கு மாடிப்படி ஏறின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மட்டுப்படுத்தித்தான் விடுவோம்."

"அந்த ஆளுக்கு என்ன நஷ்டம்?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கட்டுப்பாடு உண்டு. குடிக்கக் கூடாது. டவர் எட்டாத எடத்துல ஒரு நாளுக்கு மேல தங்கக் கூடாது. வருஷா வருஷம் தை மாசம் வந்து சம்மதம் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"வேற ஆள் தேடணும். ஒத்துப்போற ஆள் லேசுல கிடைக்காது. உங்களுக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஆள்தான்."

பிரமநாயகம் மனைவியைப் பார்த்தார். "என்னயக் கேக்காம எப்படிளா சம்மதிச்ச?"

"நீங்க மயக்கத்துல கெடந்தீய. எங்கிட்டதான் கேட்டாக. பின்ன என்ன, தாலியக் கழத்திக் குடுத்துட்டு வீட்டுக்கு வரச் சொல்லுதீயளா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். யாரோ ஒருவருடைய அடி அவருக்குள் நிதானமாக, எதுவுமே நடக்காததுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மேல வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஒரு குடும்பம் நாலு தலைமுறை ஒரு சொல்லைக் காப்பாற்றுவது சிரிப்புக்குரிய காரியம் என்றால், அழுகைக்குரியது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை.

பிரமநாயகத்தின் பூட்டனார் ஊருக்கு வழக்குத் தீர்க்கிறவர். ஒருமுறை நிலத்தகராறு ஒன்றில் தீர்ப்புச் சொல்லப் போன இடத்தில், வெயிலுக்கு ஒதுங்கிய வீட்டில் ஒரு வாய் மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டார். அந்த வீட்டுக்காரன்தான் வழக்கில் ஒரு தரப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது. தின்ற உப்பு தொண்டையில் நின்றது. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல், இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அநியாயம் ஜெயித்தது. அன்று வீட்டுக்கு வந்து விளக்கின் முன்னால் நின்று சொன்னார்: "இனி நம்ம வீட்டு ஆம்பளைங்க யாரு வீட்டுலயும் கை நனைக்கக் கூடாது."

அன்று முதல் மேல வீட்டு வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் இலை விழுந்தது. மேல வீட்டு ஆண்கள் அடுத்த வீட்டு இலையில் உட்காரவில்லை. கல்யாணத்துக்கு வருவார்கள். மொய் செய்வார்கள். ஆசீர்வாதம் பண்ணுவார்கள். பந்தல் வரை வருவார்கள், பந்திக்கு வரமாட்டார்கள். பிரமநாயகம் தன் மறுவீட்டு விருந்துக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோதுகூட, உலகம்மாளின் தகப்பனார் பரிமாறச் சொன்ன தேங்காய்ப்பால் சொதியைக் கையால் தொட்டு வணங்கிவிட்டு எழுந்துகொண்டார். "அன்னைக்கு எங்கப்பா மொகம் போன போக்க நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்," என்று உலகம்மாள் இன்றைக்கும் சொல்வாள்.

இப்போது மேல வீடு இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. அதற்கு 'மேல வீடு அபார்ட்மெண்ட்ஸ்' என்று பெயர் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இடத்தைக் கொடுத்தார். இதயம் இப்படி ஆனபின் படியேற வேண்டாமென்று கீழ்த்தளத்துக்குக் குடிவந்தார்கள். மேல வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருக்கிறார் என்று மாடியில் இருப்பவர்கள் கேலி பேசுவது அவர் காதுக்கும் வரும். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு வாய் சோறே யார் வீட்டிலும் வாங்கித் தின்னாத பரம்பரையில் வந்தவன், ஒவ்வொரு நொடியும் இன்னொருவனிடம் உயிரையே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அதைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை.

கொடுப்பவர் யார் என்று வாங்குபவருக்கும், வாங்குபவர் யார் என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. அதனால் அவராகவே ஓர் ஆளைக் கற்பித்துக்கொண்டார். தினமும் ஏறுகிறான். ஆக, தோரணமலையோ திருமலைக்கோயிலோ, முருகன் அடியவன். நேரம் தவறாதவன். மதியத்தில் கொஞ்சமே ஓய்வெடுக்கிறான். கெட்ட பழக்கம் இல்லாதவன். "நல்ல குடும்பத்துப் பையன்," என்று மனைவியிடம் அழுத்திச் சொன்னார். வாங்குவதுதான் வாங்குகிறோம், தரமான இடத்தில் வாங்குகிறோம் என்று ஓர் ஆறுதல்.

ஆனாலும் அந்த ஆறுதல் போதவில்லை. இந்தத் தைப் பொங்கலுக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"அந்தப் பையனுக்குப் பொங்கப்படி அனுப்பப் போறேன்."

உலகம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பொங்கப்படி என்பது, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருஷந்தோறும் போகும் சீர். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு. பிரமநாயகத்துக்கு ஒரு மகன் மட்டும்தான், பெண் பிள்ளை இல்லை. அவருடைய ஒரே தங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் கண் மூடியதிலிருந்து பானை பரண்மேல் கிடந்தது.

"படி பொம்பளப் பிள்ளைக்குல்லா குடுக்கது? ஆம்பளைக்கு யாராவது குடுப்பாகளா?"

"அவன் வீட்டுல பொம்பள இருப்பால்லா. கொடுக்கணும்னா நம்ம வீட்டுல அதுக்கு மேல என்ன இருக்கு? போய் பானைய எடு."

அவள் எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்ததில் பித்தளை பொன்னாக மின்னியது. ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருந்த ஆள், கடிதம் இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா, தொலைபேசி எண் எழுதியிருக்கிறதா என்று அரிசிப் பைக்குள் கைவிட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை. "ஏதாவது சொல்லணுமா ஐயா?" என்று கேட்டான்.

"கடன் வைக்க விரும்பலைன்னு சொல்லு. அது போதும்," என்றார் பிரமநாயகம்.

பானையின் கழுத்தை அவனும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் வழக்கம் தெரியாத தலைமுறை அவன். பெயர் வெட்டாத பாத்திரத்தையே பார்த்திராதவர்கள் இவர்கள். பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து கண்ணில் படாது. 'மேலவீடு பிரமநாயகம், தென்காசி' என்று குட்டிக் குட்டிப் புள்ளிகளாக அதில் வெட்டியிருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம். கட்டடத்து வாசலில் பெண்கள் கோலத்துக்கு இடம் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரமநாயகம் திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்தவர் அப்படியே நின்றார். நெஞ்சு ஒருமுறை குதித்தது. பிறகு பஞ்சுபோல் இளகியது. அந்த இளக்கம் மூன்று வருஷத்தில் அவர் அறியாத ஒன்று. சிறுபிள்ளை ஓடிவந்து மடியில் விழுந்தாற்போல. அதை என்னவென்று யோசிப்பதற்குள் மாறிவிட்டது. கடகடவென்று, உலக்கை போட்டுக் குத்துவதுபோல் அடிக்கத் தொடங்கியது. அது ஏற்றமல்ல. பயமுமல்ல. அந்த அடியை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பரம்பரைச் சொத்து அது. கோபம்.

"என்னங்க, நெஞ்சப் பிடிச்சிருக்கீய?"

"அந்தப் பையனுக்கு யாரு மேலயோ ஆத்திரம். அம்மாடி! யாரு மேல இவ்வளவு ஆத்திரம்?"

பொங்கல் கழிந்து வந்த கரிநாள் அன்று அது தெரிந்தது.

அன்று காலை நெஞ்சு மலையேறவில்லை. குண்டும் குழியுமான சாலையில் போவதுபோல் தத்தித் தத்தி அடித்தது. அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பே அவர் நெஞ்சு திடுக்கிட்டது. அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

உலகம்மாள் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கம்பெனிச் சீருடை, ஒரு கையில் ஹெல்மெட். இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல் பித்தளைப் பானை.

"மேல வீட்டு பிரமநாயகம்ங்கது..."

"நான்தான்," என்றார் அவர். சொல்லும்போதே பானையின் கழுத்தைப் பார்த்தார். புள்ளி எழுத்துகள் அவரைப் பார்த்தன.

"என் பேரு மாரிச்செல்வி. கயத்தாறு. உங்க நெஞ்சுல அடிக்கது என்னுதுதான்."

அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அவருடைய நெஞ்சும் வாங்கியது.

"நீ... தோரணமலை ஏறுத ஆளு இல்லையா?"

"மலையா? நான் காத்தாடி ஏறுதேன் ஐயா. கரண்டு எடுக்கிற காத்தாடி. உச்சில போயி ரிப்பேர் பாக்கிற வேலை."

உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு மீறி வந்துவிட்டது. "நல்ல குடும்பத்துப் பையன்! அப்ப படி சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு. வாம்மா, உள்ள வா. சாப்பிட்டியா?"

"ஆச்சு ஆச்சி."

அவள் அதைச் சொன்னபோது பிரமநாயகத்தின் நெஞ்சுக்குள் மிகச் சிறிதாக ஒன்று படபடத்தது. கூட்டுக்குள் குருவி இறகை உதறிவிட்டு அடங்கினாற்போல. அவளுடைய உதடு காய்ந்திருந்ததை அவர் பார்த்தார். விடியலில் வண்டியைக் கிளப்பியவள், ஒரு டீகூடக் குடித்திருக்கமாட்டாள். இந்தப் பிள்ளை பொய் சொன்னால் இப்படித்தான் அடிக்கும்போல என்று அவருக்குத் தோன்றியது.

மாரிச்செல்வி உட்காரவில்லை. பானையை இறக்கி வைத்தாள். உள்ளே அவர் அனுப்பிய அரிசி, வெல்லம், மஞ்சள் எல்லாம் அப்படியே இருந்தன.

"வந்த பாத்திரத்த வெறுசாத் திருப்பக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். அதான் நீங்க குடுத்தத நெறைச்சே கொண்டாந்துட்டேன்."

"ஏம்மா, என்ன கொறை?" என்றார் பிரமநாயகம்.

"இத எதுக்கு அனுப்புனீய?"

"மரியாதைக்கு."

"மரியாதைக்கா, கணக்குத் தீக்கவா? பொங்கப்படி பெறந்த பிள்ளைக்குக் குடுக்கது. எங்கப்பா இருந்த வரைக்கும் எனக்கு வந்துது. அவரு போன பொறவு தர ஆளில்ல. அன்னைக்கு வாசல்ல பானையப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிசம்..." அவள் நிறுத்திக்கொண்டாள். "பொறவு கொண்டுவந்த ஆளு சொன்னாரு, வாங்குறவருக்குக் கடன் வைக்கப் பிடிக்கலையாம்னு. அப்ப இது படி இல்ல, கூலி."

"மேல வீடு யாருகிட்டயும் சும்மா வாங்குனது கெடையாதும்மா."

"நான் சும்மாதான் குடுத்தேன். கூலிக்கு அடிக்கதுக்கு என் நெஞ்சு என்ன உரலா?"

உலகம்மாள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தப் பெண் செம்பைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"ஐயா, நாங்க மேல ஏறும்போது இடுப்புல கயிறு கட்டிருப்போம். கீழ ஒருத்தன் அதப் பிடிச்சிருப்பான். சில நாள் புது ஆளா இருப்பான், பேருகூடத் தெரியாது. எறங்கி வந்து 'இந்தாடா, நீ என் உயிரப் பிடிச்சிருந்ததுக்குக் காசு'ன்னு குடுத்தா அவன் செருப்பால அடிப்பான். மறுநாள் அவன் ஏறும்போது நான் பிடிப்பேன். இல்ல, வேற யாராவது பிடிப்பாக. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"தண்ணியாவது குடிம்மா," என்றாள் உலகம்மாள். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"சாப்பிடுதேன் ஆச்சி. ஆனா ஐயா எங்க வீட்டுக்கு வந்து கை நனைப்பாகளா?"

மாடியில் யாரோ தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிரமநாயகம் வாயைத் திறந்தார். பூட்டனார் விளக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப எனக்கும் வேண்டாம்," என்றாள் மாரிச்செல்வி. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பினாள். "கடலுக்குள்ள காத்தாடி நடுதாக. பெரிய வேலை. மாசக்கணக்குல அங்கனயே தங்கணும், டவர் கெடையாது. போன வருசமே கூப்பிட்டாக. என் அடிய நம்பி ஒரு ஆள் இருக்குன்னு சொல்லிப் போகல. இந்தத் தைக்குச் சம்மதம் சொல்லணும். சொல்லலாம்னுதான் இருந்தேன். இனி யோசிக்கணும்."

அவள் வெளியே போனாள். வண்டி கிளம்பிய பிறகும் அவளுடைய ஆத்திரம் அவருக்குள்ளேயே இருந்தது. தன்மீது ஒருத்திக்கு இருக்கும் கோபத்தைத் தன் நெஞ்சாலேயே அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தண்டனை எந்த நரகத்திலும் எழுதப்படாதது.

"நல்லா இருக்கு," என்றாள் உலகம்மாள். "எங்கப்பா மொகத்த வாட வச்சீய. இப்ப இவ."

மறுநாள் வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போகணும், கிளம்பு," என்றார்.

டாக்டர் நவாஸ் எழுந்து நின்று வரவேற்றார்.

"இத எடுத்துருங்க டாக்டர்."

"எத?"

"நெஞ்சுல இருக்கிற பெட்டிய."

டாக்டர் உலகம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "ஐயா, எடுத்தா என்ன ஆகும்னு..."

"தெரியும். எனக்கு எழுபது தாண்டியாச்சு. அந்தப் பிள்ளை சின்ன வயசு. கடல்ல பெரிய வேலை காத்திருக்கு. என் நெஞ்சக் கட்டிச் சொமந்துகிட்டு அது கயத்தாறுலயே கெடக்க வேண்டாம். அதுவா வேண்டாம்னு சொன்னா, ஒரு உயிரக் கொன்னுட்டோமேன்னு காலம்பூரா அதுக்கு உறுத்தும். நானா எடுத்துட்டா யாருக்கும் பாவம் இல்ல."

அவர் குரல் நடுங்கவில்லை. முதுகு வளையவில்லை. வீம்புதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்ததை டாக்டர் பார்த்திருக்க வேண்டும். "எடுக்கதுக்கு முன்னால ஒரு டெஸ்ட் பாக்கணும், படுங்க," என்றார். மார்பில் ஒயர்களை ஒட்டிவிட்டு வெளியே போனார். உலகம்மாளும் செல்போனை எடுத்துக்கொண்டு, "மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாரேன்," என்று பின்னாலேயே போனாள்.

வெகுநேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லாம வச்சிருந்தேன்," என்றார் டாக்டர். "வாங்குறவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு விதி. இப்ப சொல்லித்தான் ஆகணும். அந்தப் பொண்ணோட அடி உங்களுக்கு வருதுல்லா, அத உங்க இதயம் கேட்டு அடிச்சதும், 'அடிச்சிட்டேன்'னு ஒரு பதில் அவங்க சில்லுக்குத் திரும்பிப் போகும். மூணு வருஷமா அந்தப் பதிலுக்கு அவங்க இதயம் பழகிப்போச்சு. இப்ப அது உங்க மேல சாஞ்சு நிக்கு. திடீர்னு உங்கள எடுத்துட்டா அவங்களுக்குத் தாளம் தப்பும். அவங்க வேலை உங்களுக்கே தெரியும். உச்சியில நிக்கிற பிள்ளை."

பிரமநாயகம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா... நான் வாங்க மட்டும் செய்யல?"

"இல்லய்யா. குடுக்கவும் செய்யுறீங்க."

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா."

அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். கழுத்துப் பொத்தானையும் விடவில்லை. "ஏளா, கேட்டியா?" என்றார். உலகம்மாள் ஜன்னல் வழியாக வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். குடுக்கல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது கடன், இரண்டு பக்கமும் இருந்தால் அது சம்பந்தம். பூட்டனார் விலக்கியது கடன்பட்ட சோற்றைத்தானே ஒழிய, சம்பந்தத்துச் சோற்றை அல்ல. வழக்குத் தீர்க்கிற குடும்பத்து ரத்தம், தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டது. உலகம்மாள் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்றாள். மறுவீட்டுச் சொதியை மறந்தவள்போல் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தை கழிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயத்தாறு போனார்கள். பானையையும் நிறைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். சின்ன வீடு. பின்பக்கம் திரும்பிய திசையெல்லாம் காற்றாடிகள் வெள்ளைவெளேரென்று சுற்றிக்கொண்டிருந்தன. நெஞ்சால் தினமும் ஏறியிருந்தும், அவற்றின் உயரத்தை அவர் அன்றுதான் அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் உள்ளங்கால் கூசியது.

மாரிச்செல்வி வாசலில் நின்றாள். சேலை கட்டியிருந்தாள். பானையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இது கூலியா ஐயா, படியா?"

"படி," என்றார் பிரமநாயகம்.

அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து போன அந்தப் பஞ்சு போன்ற இளக்கம் மறுபடியும் அவர் நெஞ்சில் வந்தது. இந்த முறை மாறவில்லை.

இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். மூலையில் உப்பு வைத்தாள். வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், சோறு, அதன்மேல் கத்திரிக்காய் புளிக்குழம்பு. அவரும் உலகம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மாள் பிசையத் தொடங்கிவிட்டாள். பிரமநாயகத்தின் வலது கை முழங்காலிலேயே இருந்தது. தீர்ப்புச் சொல்வது எளிது. எழுபது வருஷத்துக் கை அதைக் கேட்க வேண்டுமே.

மாரிச்செல்வி அந்தக் கையைப் பார்த்தாள். கரண்டியோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் சொன்னாருல்லா ஐயா? நீங்க எங்கிட்ட இனாமா ஒண்ணும் வாங்கல. உங்க அடியிலதான் நானும் நிக்கேன். நீங்க இல்லைன்னா எனக்கும் தாளம் தப்பிப்போவும்."

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கண் அவர் கண்ணை நேராகப் பார்த்தது. குரல் தெளிவாக இருந்தது.

அவர் நெஞ்சுக்குள் குருவி இறகை உதறிவிட்டு அடங்கியது.

டாக்டர் பொய் சொன்னால் அவருக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த உலகம்மாள் சொன்னாலும் தெரியாது. உலகத்தில் ஒரே ஒருத்தியால்தான் அவரிடம் பொய் சொல்ல முடியாது. அவள் பொய் சொல்லிவிட்டாள். மகனுக்கென்று போன செல்போன், ஜன்னலுக்கு வெளியே பார்த்த பார்வை, வழியெல்லாம் சொன்ன ஆமா, ஆமா. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து இலையைச் சுற்றி உட்கார்ந்தன.

எழுந்துவிடலாம். மேல வீட்டுக்காரருக்கு இலையிலிருந்து எழுவது புதிதல்ல. எழுந்தால் மானம் அவரோடு வரும்.

எந்த மானம்? அவர் உயிர் மட்டும்தான் இவளுக்கு வேண்டுமென்றால் பேசாமல் போய்ச் சம்மதம் சொல்லியிருக்கலாம். விருந்து எதற்கு? பொய் எதற்கு? இந்தப் பொய்யை இவர்கள் மூன்று பேரும் கட்டியது அவருடைய உயிருக்காக மட்டும் அல்ல. மேல வீட்டின் தலை குனியாமல் இருப்பதற்காகவும்தான். அதை இத்தனை காலமும் தான் ஒருவனே தாங்கி நிற்பதாக அவர் நினைத்திருந்தார். கீழே கயிற்றை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

"கடலுக்கு எப்பம்மா போற?" என்றார்.

"கடல் எங்க போயிரப் போவுது ஐயா. நேத்துதான் ஆஸ்பத்திரில சம்மதம் சொல்லிட்டு வந்தேன்." குருவி அசையவில்லை. இது மெய். "சாப்பிடுங்க. உப்புதான் கொறைவா போட்டுட்டேனோன்னு இருக்கு. டாக்டர் உங்களுக்கு ஆகாதுன்னாரு."

பிரமநாயகம் செம்பைச் சாய்த்து வலது கையை நனைத்தார். விரலிடுக்கெல்லாம் ஈரம் போனது. சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். உலகம்மாள் பிசைவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

குழம்பில் உப்பே இல்லை.

"உப்பு கணக்காத்தாம்மா இருக்கு," என்றார்.

மாரிச்செல்வியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அப்படியே அவர் நெஞ்சில் வந்து அடித்தது. இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஆசையோடு இலையில் ஊற்றினாள். அவர் சொன்ன பொய் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் அடியில் தானும் நிற்பதாக அவள் சொன்னது மெய்யாக இருந்திருக்கும்.